நூறு மேற்கோளைப் பத்துப் பேருக்குப் பங்கிடுவது எப்படி?

பத்துப் பேர் சேர்ந்து எழுதிய ஓர் ஆய்வுக்கட்டுரையை நூறு கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துப் பேரில் ஒருவரின் கணக்கில் நூறு என்று எழுதுவதா, பத்து என்று எழுதுவதா, அல்லது அவர் பெயர் பட்டியலில் முதலாவதாக இல்லை என்பதால் பூஜ்யம் என்று எழுதுவதா? சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் பணிபுரியும் எனக்கு இது வேலை நேரத்துக் கேள்வி. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் ஆண்டிலும், பதவி உயர்வுக் கோப்புகள் நகரும் மாதங்களிலும் துறைத் தலைவர்கள் வந்து கேட்பது இந்த எண்ணைத்தான். "சார், ஸ்கோபஸ்ல எத்தனை சைட்டேஷன்னு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுத்துடுங்க" என்பார்கள். ஸ்கோபஸ் என்பது கட்டுரைகளையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் தொகுத்து வைக்கும் தரவுத்தளம். எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. அந்த எண் எப்படி உருவானது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்காத வரையில் எனக்கும் நிம்மதிதான்.

அந்த நிம்மதியைக் கலைத்தது எங்கள் கல்லூரி அறிவித்த ஒரு சிறிய ஆய்வு விருது. இறுதிச் சுற்றுக்கு இருவர் வந்தார்கள். ஒருவர் கணிதப் பேராசிரியர், மற்றவர் தாவரவியல் பேராசிரியை. மேற்கோள் எண்ணிக்கையை நூலகம் தர வேண்டும் என்று முதல்வர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எந்த முறையில் எண்ணுவது என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்த முறைகளை எல்லாம் எக்செல்லில் பக்கம் பக்கமாக வைத்து எண்ணிப் பார்த்தேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியும் சுருக்கியும் இங்கே தருகிறேன். கணக்கின் போக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

எளிமைக்காக, ஆளுக்கு இரண்டு கட்டுரைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கணிதப் பேராசிரியருக்கு இரண்டு கட்டுரைகள். ஒன்று அவர் தனியாக எழுதியது, 20 மேற்கோள்கள். மற்றொன்று இருவர் எழுதியது, அதில் இவர் பெயர் முதலில், 30 மேற்கோள்கள். தாவரவியல் பேராசிரியைக்கும் இரண்டு. ஐவர் எழுதிய ஒரு கட்டுரையில் மூன்றாவது பெயர், 120 மேற்கோள்கள். நால்வர் எழுதிய மற்றொன்றில் இரண்டாவது பெயர், 40 மேற்கோள்கள். ஒவ்வொருவருக்கும் முழு மேற்கோளையும் தரும் முழு எண்ணலில் பேராசிரியைக்கு 160, பேராசிரியருக்கு 50. முதல் பெயருக்கு மட்டும் தரும் முறையில் பேராசிரியருக்கு அதே 50, பேராசிரியைக்குப் பூஜ்யம். மேற்கோளைத் தலைக்குச் சமமாகப் பிரிக்கும் பின்ன எண்ணலில் பேராசிரியருக்கு 20-உம் 15-உம் சேர்ந்து 35, பேராசிரியைக்கு 24-உம் 10-உம் சேர்ந்து 34. பெயர் வரிசை பின்னால் போகப்போகப் பங்கைக் குறைக்கும் இசைத்தொடர் முறையில் பேராசிரியருக்கு 40, பேராசிரியைக்கு ஏறக்குறைய 27. கட்டுரைகளும் அவற்றின் மேற்கோள்களும் மாறவே இல்லை. மும்மடங்குக்கு மேல் முன்னால் நின்றவர் அடுத்த நெடுவரிசையில் பூஜ்யத்துக்கு வந்து, அதற்கடுத்ததில் ஒற்றை மேற்கோளில் பின்தங்கி நிற்கிறார்.

நான்கு நெடுவரிசைகளையும் அப்படியே அச்சிட்டுத் தேர்வுக் குழுவின் முன் வைத்தேன். வெளியிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எண்ணிக்கைன்னா ஒண்ணுதானே சார் இருக்கணும்? எதுக்கு நாலு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அந்த இடத்தில் நான் சொன்ன பதில் அரைகுறையானது என்பதால் அல்ல, முழுப் பதில் அரை மணி நேரத்துக்குள் அடங்காது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதல் பெயர் ஏன் முதலாயிற்று

மேற்கோள்களைத் தொகுத்துத் தேடும் வசதி 1960-களில் யூஜின் கார்ஃபீல்டு பிலடெல்பியாவிலிருந்து வெளியிட்ட சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸில் தொடங்குகிறது. அச்சுத் தொகுதிகளாக வந்த அந்த அட்டவணையில், மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அதன் முதல் கட்டுரையாளரின் பெயரில் மட்டுமே பதிவாகும். இரண்டாமவர், மூன்றாமவர் பெயரைக் கொண்டு தேடினால் அவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். இட நெருக்கடியும் தொகுப்பாளரின் வசதியும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அதைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்தியிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அறிவியலாளர்களின் தரத்தை ஒப்பிட முனைந்த சமூகவியலாளர்களும் அதே அட்டவணையைத்தான் எடுத்தார்கள். பெரிய கூட்டத்தை மொத்தமாகப் பார்க்கும்போது முதல் பெயரை மட்டும் எண்ணினாலும் முடிவு பெரிதாக மாறாது என்று 1970-களில் வாதிட்டார்கள். மொத்தத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஒரு தனி மனிதரின் கோப்பை மேசையில் வைத்துக்கொண்டு பேசும்போது அந்த வாதத்துக்கு வேலையில்லை.

நமக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்றே போதும். 1928-இல் நேச்சர் இதழில் புதுவகைச் சிதறல் ஒளியை அறிவித்த குறிப்பில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன: சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணன். வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன் கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் அந்தச் சோதனைகளில் ராமனோடு நின்றவர். 1930-இன் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் போனதைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசியாயிற்று. நான் கேட்பது சிறிய கேள்வி. அந்த ஒரு குறிப்புக்கு வந்த மேற்கோள்களை முதல் பெயர் முறையில் எண்ணினால் கிருஷ்ணனுக்குப் பூஜ்யம், பின்ன முறையில் பாதி, முழு எண்ணலில் முழுவதும். மூன்றில் எது கிருஷ்ணனின் உழைப்பு? மூன்றும் இல்லை என்பதுதான் என் எண்ணம். ஆனால் பூஜ்யம் தவறான விடை என்பது தெரிந்ததே; முதலில் கழித்துவிட வேண்டியது அதைத்தான்.

பின்ன எண்ணலுக்காக உரக்கக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் அறிவியல் வரலாற்றாளர் டெரெக் டி சோலா பிரைஸ். தனியாக ஒருவர் எழுதும் கட்டுரை 1980-க்குள் அழிந்துவிடும் என்று 1963-இலேயே கணித்தவர் அவர். அந்தக் கணிப்பு பொய்த்துவிட்டது. கணிதத் துறையில் இன்றும் தனிக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் 1981-இல் அவர் வலியுறுத்திய விதி எனக்கு இன்னும் சரியாகவே படுகிறது: ஒரு கட்டுரை என்பது ஒன்று, அதை எத்தனை பேர் எழுதினாலும் அவர்களுக்குத் தரும் பங்குகளைக் கூட்டினால் ஒன்றுதான் வர வேண்டும். ஒரு துறையின் கணக்கையோ கல்லூரியின் கணக்கையோ கூட்டும் எவரும் இந்த விதியைத் தாண்ட முடியாது. முழு எண்ணலில் ஒரே கட்டுரையை எங்கள் வேதியியல் துறையில் நான்கு பேர் தங்கள் தங்கள் கணக்கில் காட்டுகிறார்கள். துறைத் தலைவர் நான்கையும் கூட்டி அறிக்கை அனுப்புகிறார். ஒரே பசுவின் பாலை நான்கு வீட்டிலும் அளந்து நான்கு பசு என்று எழுதுவதைப் போன்றது இது.

எழுபதும் முப்பதும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையை எடுத்துக்கொள்வோம். ஆய்வுக்கட்டுரைகளுக்குப் புள்ளி தரும், பேராசிரியர்கள் மனப்பாடமாகச் சொல்லும் அட்டவணை அதில் இருக்கிறது. இருவர் எழுதிய கட்டுரையென்றால் ஒவ்வொருவருக்கும் மொத்தப் புள்ளியில் 70 விழுக்காடு. இருவருக்கு மேல் என்றால் முதல் அல்லது முதன்மை அல்லது தொடர்புக்குரிய கட்டுரையாளருக்கு 70 விழுக்காடு, மற்ற ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடு. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்பதைக் காட்டும் தாக்கக் காரணி 1-க்கும் 2-க்கும் இடைப்பட்ட இதழில் வந்த கட்டுரைக்கு 15 புள்ளி. அதை ஒருவர் தனியாக எழுதினால் 15. இருவர் எழுதினால் ஆளுக்குப் பத்தரை, மொத்தம் 21. நால்வர் எழுதினால் முதல்வருக்குப் பத்தரை, மற்ற மூவருக்கும் நாலரை நாலரை, மொத்தம் 24. பத்துப் பேர் எழுதினால் மொத்தம் 51. ஆய்வு ஒன்றுதான், ஆள் சேரச் சேரப் புள்ளி மட்டும் பெருகிக்கொண்டே போகிறது. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர், அடுத்த கட்டுரையில் பக்கத்து அறை நண்பரின் பெயரைச் சேர்க்கத் தயங்குவாரா? உழைக்காதவரின் பெயர் கட்டுரையில் ஏறுவதைப் பற்றி ஆய்வு நெறி வகுப்புகளில் ஒரு மணி நேரம் பேசுகிறோம். அதற்குக் கூலி கொடுக்கும் சூத்திரத்தைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை.

எல்லாரும் இப்படி எண்ணுகிறார்கள் என்பதும் இல்லை. லெய்டன் பல்கலைக்கழகத் தரவரிசை முழு எண்ணல், பின்ன எண்ணல் இரண்டையும் வைத்துக்கொண்டு, எதில் பார்க்கிறீர்கள் என்று பார்ப்பவரையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. நேச்சர் இண்டெக்ஸ் ஒரு நிறுவனத்துக்குக் கட்டுரை எண்ணிக்கையை ஒரு நிரலிலும் பங்கை இன்னொரு நிரலிலும் காட்டுகிறது. நோர்வேயின் நிதிப் பங்கீட்டு முறையில் நிறுவனத்தின் பின்னத்துக்கு வர்க்கமூலம் எடுத்தார்கள். கால் பங்கு வைத்திருக்கும் நிறுவனம் அரைப் பங்கு பெறும். கூட்டாய்வுக்குத் தண்டனையும் வேண்டாம், வாரி வழங்கவும் வேண்டாம் என்ற சமரசம் அது. அந்தச் சமரசம் சரியா என்று விவாதிக்கலாம். விவாதிக்க முடிகிறது என்பதே பெரிய காரியம். ஏனென்றால் சூத்திரம் வெளியே தெரிகிறது.

வரிசையில் நிற்பவர்கள்

பெயர் வரிசைக்கேற்பப் பங்கிடும் முறைகளில் குறைந்தது மூன்று புழக்கத்தில் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் நினைவிருந்தால் போதும். நால்வர் எழுதிய கட்டுரையில் கூட்டுத்தொடர் முறை 0.4, 0.3, 0.2, 0.1 என்று தரும். பெருக்குத்தொடர் முறை 8, 4, 2, 1 என்ற விகிதத்தில் பிரிக்கும். முதல்வருக்குப் பாதிக்கும் மேல் போய்விடும். இசைத்தொடர் முறை ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, கால் என்று வைத்துக் கூட்டுத்தொகையால் வகுக்கும், 0.48, 0.24, 0.16, 0.12 என்று வரும். மூன்றிலும் கூட்டினால் ஒன்று வருகிறது. பிரைஸின் விதி காப்பாற்றப்படுகிறது. அழகான கணக்குகள்தான். ஆனால் மூன்றும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கின்றன: பெயர் வரிசை உழைப்பின் வரிசை.

அந்த நம்பிக்கை எங்கள் விருதுக் கோப்பிலேயே உடைந்தது. கணிதத்தில் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் போடுவது வழக்கம். எங்கள் பேராசிரியரின் பெயர் ஆங்கிலத்தில் முதல் எழுத்தில் தொடங்குகிறது. கூட எழுதியவரின் பெயர் அந்த வரிசையில் கடைசிப் பக்கம் இருக்கிறது. 30 மேற்கோளில் மூன்றில் இரண்டு பங்கை அவருக்குக் கொடுத்தது பெற்றோர் வைத்த பெயர். பொருளியலிலும் இதே வழக்கம் உண்டு. குடும்பப் பெயர் அகரவரிசையில் முன்னால் இருப்பவர்கள் அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளில் நிரந்தரப் பணி பெறும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதையும், அந்த வழக்கம் இல்லாத உளவியலில் அப்படிக் காணப்படாததையும் 2006-இல் எய்னாவ், யாரிவ் என்ற இருவர் எழுதிக் காட்டினார்கள். தாவரவியல் பக்கம் வந்தால் கதை வேறு. முதல் பெயர் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவருடையது, கடைசிப் பெயர் வழிகாட்டியுடையது. இசைத்தொடர் முறை கடைசியில் நிற்கும் வழிகாட்டிக்கு மிகச் சிறிய பங்கைத் தருகிறது. அவரோ அந்த இடத்தைக் கௌரவ இடமாக நினைத்து வாங்கிக்கொண்டவர். துகள் இயற்பியலில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஹிக்ஸ் போசானின் நிறையை அளவிட்டு 2015-இல் வந்த கட்டுரைக்கு 5,154 பேர் கட்டுரையாளர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்ப் பட்டியலுக்கே போயிற்று. அதில் முழு எண்ணல் அபத்தம். பின்ன எண்ணலோ ஒருவருக்குத் தருவது தசமப் புள்ளிக்குப் பின் மூன்று பூஜ்யங்களோடு தொடங்கும் எண்.

பெயரைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்த் தலைவலி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தாவரவியல் பேராசிரியைக்கு ஸ்கோபஸில் இரண்டு முகங்கள் இருந்தன. திருமணத்துக்கு முன் தந்தையின் பெயரெழுத்தோடு எழுதிய கட்டுரைகள் ஒரு கணக்கில், பின்னர் கணவரின் பெயரெழுத்தோடு எழுதியவை இன்னொன்றில். நம் பெயரில் குடும்பப் பெயர் இல்லை என்பது அந்தத் தரவுத்தளத்துக்குப் புரியாது; இனிஷியலைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும், சில சமயம் தந்தையின் முழுப் பெயரையே ஆளாக்கிவிடும். "சார், ரெண்டையும் கூட்டிக்கலாமே, எனக்கு எச்-இண்டெக்ஸ் இங்க அஞ்சு, அங்க நாலு" என்றார் அவர். மேற்கோளைக் கூட்டலாம், எச்-இண்டெக்ஸைக் கூட்ட முடியாது. 2005-இல் ஹிர்ஷ் வகுத்த அந்த அளவு, குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்ற ஐந்து கட்டுரைகள் இருந்தால் ஐந்து என்று சொல்லும். இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கி மீண்டும் எண்ண வேண்டும். எண்ணியபோது ஆறு வந்தது. அவர் முகம் வாடியது. "ஒன்பது வரும்னு நெனச்சேன் சார்" என்றார். இரண்டு கணக்கையும் ஒன்றாக்க விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தரப்படும் அடையாள எண்ணான ஆர்கிட் எண்ணும் பதிவு செய்தோம். பதினாறு இலக்க அந்த எண்ணுக்கு அப்பா பெயரும் தெரியாது, கணவர் பெயரும் தெரியாது. நம் பெண் ஆய்வாளர்கள் முதல் கட்டுரை அனுப்பும் முன்பே அதை வாங்கிவிட வேண்டும் என்று பார்க்கும் மாணவியரிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

பட்டியலுக்கு வெளியே

தாவரவியல் பேராசிரியையின் 120 மேற்கோள் கட்டுரை சேர்வராயன் மலையின் மருத்துவத் தாவரங்களைப் பற்றியது. அதற்குப் பின்தொடர்ச்சியாக ஒரு களப்பணி இருந்தபோது, இருக்கும் பழைய பதிவுகளைச் சரிபார்க்க என்னையும் அழைத்துப் போனார். ஏற்காட்டுக்கு மேலே, காப்பித் தோட்டங்கள் முடிகிற இடத்தில் மலையாளிப் பழங்குடியினரின் கிராமம் ஒன்று. அங்கே ஒரு பெரியவர் எங்களோடு நடந்தார். வேலியோரத்துக் கொடி ஒன்றின் இலையைக் கிள்ளிக் கையில் கொடுத்து மெல்லச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து சர்க்கரை மடித்த தாளை எடுத்து நாக்கில் வைக்கச் சொன்னார். மணலைத் தின்றதுபோல் இருந்தது, இனிப்பே இல்லை. சிறுகுறிஞ்சான். புத்தகத்தில் படித்ததுதான் என்றாலும் நாக்கில் உணர்ந்தது அன்றுதான். அதே இனத்தில் எந்தப் பருவத்து இலை வீரியம், எந்தச் சரிவில் வளர்வது வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல, மாணவர் ஒருவர் படிவத்தில் எழுதிக்கொண்டு வந்தார். படிவத்தின் தலைப்பில் தகவலாளர் எண் என்று ஒரு கட்டம். அதில் ஒரு எண். பெயருக்குக் கட்டம் இல்லை.

இந்த வகைக் கட்டுரைகளில் தகவலாளர்களை எண்ணுவதற்கென்றே சூத்திரங்கள் உண்டு. ஒரு செடியை எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்பதை மொத்தத் தகவலாளர் எண்ணிக்கையால் வகுப்பார்கள். ஒரு நோய்க்கு எந்த அளவு ஒரே செடியைச் சொல்கிறார்கள் என்று ஒத்திசைவுக் காரணி கணிப்பார்கள். அதாவது பெரியவரின் ஒவ்வொரு சொல்லும் மிக நுணுக்கமாக எண்ணப்பட்டிருக்கிறது. எண்ணப்பட்ட பிறகு அவர் வெறும் ஓர் எண்ணாக அட்டவணைக்குள் போய்விடுகிறார். கட்டுரையாளர் பட்டியலில் ஐந்து பெயர், நன்றியுரையில் கிராம மக்களுக்கு ஒரு வரி. மேற்கோள் பங்கீட்டில் முழுவதா, பின்னமா, இசைத்தொடரா என்று நான் கீழே சேலத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கெல்லாம் அந்த ஐந்து பெயருக்குள் நடந்தது. ஆறாவது ஒருவர் வரக்கூடும் என்று எந்தச் சூத்திரமும் கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. பட்டியல் தரப்பட்ட பிறகே சூத்திரம் தொடங்குகிறது.

பேராசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. ஆனால் எளிதாக ஒப்புக்கொள்ளவும் இல்லை. மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழு வகுத்த நெறிப்படி, கட்டுரையாளர் என்றால் கருத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பு என்ற நான்கும் வேண்டும். "அவருக்குப் புரியாத இங்கிலீஷ்ல இருக்குற பேப்பருக்கு அவரைப் பொறுப்பாக்கறது நியாயமா சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதே அளவுகோலை வைத்தால் ஐவரில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். எழுதியது ஒருவர், செடியை இனங்கண்டது இவர், புள்ளியியல் போட்டது ஒருவர், உலர்த்திய செடிகளை ஒட்டிய ஹெர்பேரியத் தாள்களைத் தயாரித்தது ஒருவர், துறைத் தலைவர் என்பதால் இடம்பெற்றவர் ஒருவர். பதினான்கு வகைப் பங்களிப்புகளைப் பெயரோடு சேர்த்து அச்சிடும் கிரெடிட் என்ற முறை 2022-இல் அமெரிக்கத் தர நிர்ணயமாகவே ஆகிவிட்டது. அதில் கள ஆய்வும், தேவையான வளங்களைத் தந்ததும் தனித்தனி இனங்கள். அந்தப் பதினான்கில் பெரியவருக்குப் பொருந்துகிற கட்டங்கள் குறைந்தது இரண்டு இருக்கும். துறைத் தலைவருக்கு மேற்பார்வை என்ற கட்டம் எப்போதும் தயாராக இருக்கிறது என்பது வேறு விஷயம்.

விருது, பின்ன எண்ணலின்படி கணிதப் பேராசிரியருக்குப் போயிற்று. ஒரே ஒரு மேற்கோள் வித்தியாசம். ஒரு மாதம் கழித்து எண்ணியிருந்தால் மாறியிருக்கலாம். துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் வேறு என்பதையும் சேர்த்துக்கொண்டால் அந்த ஒன்றுக்குப் பொருளே இல்லை. எனக்கு முடிவில் குறையில்லை. நான்கு நெடுவரிசைகளையும் பார்த்த பிறகு அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததுதான் உறுத்துகிறது; அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் எந்த நெடுவரிசை யாருக்குச் சாதகம் என்று தெரிந்திருந்தது. முறை முதலில், எண் பிறகு என்று இருந்திருந்தால் யாருக்கும் பேச்சிருக்காது.

அடுத்த ஆண்டு அறிவிப்புக்காக ஒரு பக்க வரைவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். துறை மொத்தத்துக்குப் பின்ன எண்ணல் மட்டும். தனிநபருக்குப் பின்ன எண்ணலும் முழு எண்ணலும் அருகருகே. ஒவ்வொரு கட்டுரைக்கும் விண்ணப்பதாரர் தம் பங்கை நான்கு வரியில் எழுதி, கூட எழுதியவர்களில் ஒருவரிடமாவது கையொப்பம் பெற்று இணைக்க வேண்டும். களத்தில் பெயர் சொல்லி நன்றி கூறத்தக்கவர்களுக்கு, அவர்கள் சம்மதித்தால், பெயரோடு கூறியிருக்கிறார்களா என்று ஒரு கேள்வி. பெயர் வரிசையை வைத்துப் பங்கிடும் முறை எதையும் சேர்க்கவில்லை. தாவரவியல் துறை அதைச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறது. தங்கள் மாணவர்கள் முதல் பெயருக்காகவே நான்கு வருடம் மலையேறுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். கணிதத் துறை அதைச் சேர்த்தால் விண்ணப்பிக்கவே மாட்டோம் என்கிறது. இரண்டு கடிதங்களும் முதல்வர் மேசையில் இருக்கின்றன, கல்விக் குழுக் கூட்டத்துக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.